விசில் ஊதிய பிறகு ஒரு பத்து

அந்தத் துவக்குச் சுடும் கிளப்பின் பலகையில் என் பெயரைத் தப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். ழகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம். என் அடையாள அட்டையிலும் இதே தப்பு உண்டு. அதைச் செய்தவன் எந்தக் கந்தோரில் உட்கார்ந்திருந்தானோ, அவனைத் தேடிப் போய்ச் சண்டை பிடிக்க முடியாது. பலகையில் எழுதியவர் என் கண் முன்னாலேயே இருந்தார். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கிளப்புக்குச் செயலாளராக இருந்தவர். எல்லோரும் அவரை இன்னும் பெரிய கிளாக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதுதான் பிடித்தது.

"ஐயா, என் பேருல எழுத்து மாறியிருக்குங்க" என்று முதல் வாரமே சொன்னேன்.

"ளாவோ ழாவோ, சுடுறவனுக்கு எதுக்குடா எழுத்து?" என்றார். "நீ இன்னும் தற்காலிகம்தான். பாஸ் பண்ணு, மஞ்சப் பெயின்டுல சரியா எழுதித் தாறேன்."

பலகையில் இரண்டு சாதி இருந்தது. நிரந்தர உறுப்பினர்களின் பெயர்கள் மஞ்சள் பெயின்டில், பலகையோடு பலகையாக இருந்தன. தற்காலிகக்காரர்களுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. இரண்டு பக்கமும் ஓர் இஸ்குரூப்பு. சோதனையில் இருபது குண்டு சுட்டு நூற்றிருபது புள்ளி எடுத்தால் மஞ்சள் பெயின்ட். மூன்று சோதனையிலும் எடுக்காவிட்டால் இஸ்குரூப்பைக் கழற்றிப் பெயரை எடுத்துவிடுவார்கள். முதல் தடவை நான் தொண்ணூற்றேழு. இரண்டாம் தடவை நூற்றுப் பதினொன்று. நான் சொல்லப்போவது மூன்றாவது தடவையைப் பற்றி.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலவாக்கலையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. கையில் பிடிப்பது பெயின்ட் வாளியும் ஆணிப் பொட்டலமும். எனக்கு எதற்குத் துவக்கு என்று கேட்காத ஆள் இல்லை. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போயிருந்தபோது, கடை போட்டிருந்த ஒருவனிடம் பலூன் சுட்டேன். பத்துக்கு ஏழு உடைந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தான். வாளிக்காக நான் கிளப்பில் சேரவில்லை. குறி வைத்த அந்த நாலு விநாடியும் என் மண்டைக்குள் ஒன்றுமே ஓடவில்லை, அதற்காகச் சேர்ந்தேன்.

மற்ற நேரமெல்லாம் ஓடும். கேஸை மூடினேனா. மூடியதைப் பார்த்தேனா, இல்லை நேற்றுப் பார்த்ததை இன்றைக்குப் பார்த்ததாக நினைக்கிறேனா. மழைக்கு நாங்கள் குடியிருக்கும் லயத்தின் பின்னால் மண் சரியுமா. சரிந்தால் இரவிலா பகலிலா. கடையில் அந்த ஆளுக்கு அரையங்குல ஆணி கொடுத்தேனா முக்காலா, அவன் கூரை பறந்தால் என்னைத் தேடி வருவானா. இப்படி ஓடுகிறவனுக்கு நாலு விநாடி சும்மா கிடப்பது எவ்வளவு பெரியது என்று, இராத்திரி படுத்தவுடன் தூங்குகிறவர்களுக்குப் புரியாது. என் மச்சானுக்கு நிச்சயமாகப் புரியாது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். வட்டகொடைப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிடாமலே லயத்து வாசலில் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹார்னை அடித்தான்.

"ஒன்ன யாரு கூப்பிட்டா?"

"தங்கச்சிதான் போகச் சொன்னுச்சி. நீ தனியாப் போனா, வரும்போது ரோட்டுல அழுதுகிட்டு வருவியாம்."

"நான் பஸ்ஸுல போயிக்கிறேன்."

"ஏறு மச்சான். போன தடவ சுவத்தச் சுட்டியாம்ல, அதுக்கு முந்துன தடவ மணல் மூட்டையச் சுட்டியாம்ல. இன்னைக்கு எதச் சுடுறேன்னு பாக்கணும்."

ஏறினேன். அன்று காலையில் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் கை நடுங்குமோ என்று பயம். குடிக்காததால் கை நடுங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவன் கண்ணாடியில் சிரித்துக்கொண்டே வந்தான். தலவாக்கலை தாண்டும்வரை, போன மாதம் பஸ்ஸில் எவனோ வாந்தி எடுத்த கதையைச் சொன்னான். வெறும் வயிறு என்று தெரிந்துதான் சொன்னான்.

கிளப்புக்கென்று கட்டிய கட்டடம் கிடையாது. பழைய கொழுந்து மடுவம் ஒன்றைத் தோட்டத்திடமிருந்து வாங்கிச் சுவர் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்று கொழுந்து நிறுத்த இடம். அதே இடத்தில் இப்போது நாங்கள் வரிசையில் நின்று பத்து மீட்டர் தள்ளி இருக்கும் காகித அட்டையைச் சுட்டோம். மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் புல்லும், புல்லுக்கு மேலே தேயிலை மலையும்.

கிளப்பின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். விசில் ஊதினால் சுட ஆரம்பிக்கலாம். மறுபடி ஊதினால், யார் என்ன நிலையில் இருந்தாலும் துவக்கை மேசையில் வைத்துவிட்டு மூன்று அடி பின்னால் போய் நிற்க வேண்டும். விசிலுக்குப் பிறகு சுடுவதைப் போன்ற பாவம் அங்கே வேறு கிடையாது. ஊதுகிறவர் இராணுவத்தில் இருந்து வந்த ஒரு சிங்கள மனிதர். சார்ஜன் மஹத்தயா என்போம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்தது அட்டை. பத்துக் குண்டு சுட்டு முடித்தவன், திரும்பிப் பார்க்காமல் 'அட்டை' என்று குரல் கொடுக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய கிளாக்கர் சக்கரத்தைச் சுற்றுவார். கம்பியில் தொங்கும் அட்டை நம்மிடம் வந்து சேரும். அவர் அதைக் கழற்றிப் புள்ளி போட்டுவிட்டு, புது அட்டையை மாட்டி அனுப்புவார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி புல்வரைக்கும் இறங்கி நின்றது. இரவு பெய்த மழையில் புல் முழங்கால் உயரத்துக்கு நனைந்து கிடந்தது. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டிப் போய்விட்டான். நான் புதுச் சப்பாத்து போட்டிருந்தேன். அது நனையக்கூடாது என்று செடிகளைக் கையால் விலக்கி விலக்கி நடந்தேன். அந்தக் கவனத்துக்குக் கிடைத்த கூலி பிறகு வரும்.

எனக்குப் பழக்கமான துவக்கு மூன்றாம் நம்பர். அன்றைக்கு அதை ஒரு பாங்குக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் ஏற்கனவே மஞ்சள் பெயின்டில் இருப்பவர், சோதனையும் இல்லை, சும்மா சுட வந்தவர்.

"ஐயா, எனக்கு மூணாம் நம்பர்தான் சரியா வரும்ங்க."

"அவரு பர்மனென்ட்" என்றார் பெரிய கிளாக்கர். "நீ ஆற எடு."

"ஆறு எடது பக்கம் இழுக்கும்ங்க."

"அப்ப நீ வலது பக்கம் இழு."

பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மச்சான் இதற்குக் கை தட்டினான்.

நாற்பது நிமிடம், இருபது குண்டு. சார்ஜன் விசில் ஊதினார். குழலை மடக்கி, குண்டை வைத்து, குழலை நிமிர்த்தி, கன்னத்தில் துவக்கைச் சாய்த்தேன். முதல் குண்டு ஏழு. இரண்டாவது ஆறு. மூன்றாவது மறுபடி ஏழு. ஆறாம் நம்பர் இடது பக்கம் இழுக்கத்தான் செய்தது. ஒரு நூல் வலதாகப் பிடித்தேன். மண்டைக்குள் சத்தம் நின்றிருந்தது. நாலாவது குண்டை வைத்துக் குறி பார்த்தபோது விசில் கேட்டது.

சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். துவக்கை மேசையில் வைத்தேன். மூன்று அடி பின்னால் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பாங்குக்காரர் டப் என்று சுட்டார். அதற்குப் பக்கத்து மேசையிலும் டப்.  இத்தனை பேரும் விசிலுக்குப் பிறகு சுடுகிறார்களே, யாருக்காவது பட்டுவிடப்போகிறதே என்று, "விசில்! விசில்!" என்று கத்தினேன்.

பெரிய கிளாக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், அது மலையில கொழுந்து நிறுக்கக் கூப்பிடுற விசில்டா! இன்னைக்குக் கைக்காசு. லயத்துல பொறந்த ஒனக்கே தெரியலையா?"

கைக்காசு என்றால் ஞாயிற்றுக்கிழமையில் பறிக்கிற கொழுந்து. கூலி கையில் கிடைக்கும். கொழுந்து நிறையும் காலத்தில் மட்டும் வைப்பார்கள். மலையில் கங்காணி ஊதிய விசில் மூடுபனியில் இறங்கி வந்திருக்கிறது. எனக்குத் தெரியாதா? நான் அந்த விசிலைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அந்த மடுவத்துக்குள் வந்தால் விசில் என்பது சார்ஜனுடையது என்று என் தலையில் அடித்து அடித்துச் சொல்லித் தந்தவர்கள் இவர்கள்தானே. இப்போது சிரித்தால்?

மேலே பாதையில் சாக்கோடு இறங்கிவந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். "என்னாங்க, அங்க எத்தன கிலோ?" என்று ஒருத்தி கேட்டாள். மச்சான் எழுந்து, "இவரு மட்டும் எழுவது கிலோ, தண்ணி கழிக்கல!" என்று பதில் கொடுத்தான். ஈரக் கொழுந்தென்றால் தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்கள். மடுவமே சிரித்தது. சார்ஜன் சிரிக்கவில்லை. அவர் என் துவக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழலுக்குள் குண்டு இருந்தது. குண்டு இருக்கும் துவக்கை வைத்துவிட்டுப் போகக்கூடாதாம். போனால் அதை மணல் பெட்டிக்குள் சுட்டுக் காலி செய்ய வேண்டுமாம், அதற்குப் புள்ளி பூஜ்யமாம். அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். சுட்டேன். மணலுக்குத்தான் நல்ல அடி.

"இனிமே அந்த விசில் கேட்டா கண்டுக்காத. நீ பாட்டுக்குச் சுடு" என்றார் பெரிய கிளாக்கர்.

இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அட்டை ஐம்பத்தெட்டு. ஒன்பது குண்டுக்கு அது மோசமில்லை. இன்னும் அறுபத்திரண்டு வேண்டும், பத்துக் குண்டு இருக்கிறது. இரண்டாவது அட்டை போனது. அங்கேதான் நான் என் வாழ்க்கையிலேயே நன்றாகச் சுட்டேன். எட்டு. ஒன்பது. ஏழு. எட்டு. ஒன்பது. எட்டு. மலையில் மறுபடி விசில் கேட்டது. நான் கண் இமைக்கவில்லை. மச்சான்கூடச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான். என் மண்டைக்குள் கேஸ் இல்லை, மண் சரிவு இல்லை, ஆணி இல்லை. பெயின்ட் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. மஞ்சள் பெயின்ட், சரியான ழகரத்தோடு.

ஏழாவது குண்டுக்குக் குறி வைத்தேன். துவக்கின் குறிமுனைக்குப் பக்கத்தில் இன்னொரு முனை எழுந்து நின்றது.

அட்டை. இரத்தம் குடிக்கும் அட்டை. புல்லை விலக்கிய கையில் ஏறி, சட்டைக் கைக்குள் இருந்துவிட்டு, இப்போது என் இடது கையின் பெருவிரலில் நிமிர்ந்து நின்று நாலு பக்கமும் மோந்து பார்த்தது. நான் அட்டைக்குப் பயந்தவன் அல்ல. இந்த மலையில் பிறந்து அட்டைக்குப் பயந்தால் பிழைக்க முடியாது. பிய்த்து எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் இடது கையை எடுத்தால் துவக்கு சாயும். வலது கையை எடுக்க விசைக்குப் பக்கத்திலிருந்து விரலை உருவ வேண்டும், உருவும்போது பட்டுவிட்டால்? பட்டு, குண்டு எங்கேயாவது பட்டு, அது தெறித்து வந்து பாங்குக்காரரின் கண்ணில் பட்டால்? பொலிஸ் வந்து பெயரைக் கேட்டால், அடையாள அட்டையில் உள்ளபடி சொல்வதா, உண்மையில் உள்ளபடி சொல்வதா? இவ்வளவும் ஒரு மூச்சில் ஓடிவிட்டது. மச்சான் வந்து தட்டிவிடட்டும் என்று, அசையாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

"அட்டை!"

பின்னால் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

என் அட்டை, எட்டும் ஒன்பதுமாக இருந்த என் அட்டை, கம்பியில் ஆடிக்கொண்டே என்னை நோக்கி வந்தது.

"ஐயா, அந்த அட்ட இல்லங்க! இந்த அட்ட! கையில!"

"கையில எப்பிடிடா அட்ட இருக்கும், அட்ட கம்பியில இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் அதைக் கழற்றிவிட்டார். கழற்றின பிறகுதான் எண்ணிப் பார்த்தார். "என்னடா இது, ஆறு ஓட்டைதான் இருக்கு?"

"நான் ரெத்தம் குடிக்கிற அட்டையச் சொன்னேன்ங்க!"

"அட்டைன்னுதான சொன்ன?"

"அட்டைய வேற என்னான்னு சொல்றது?"

மச்சான் பெஞ்சியிலிருந்து விழுந்தான். உண்மையிலேயே விழுந்தான். தரையில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா, மாட்டுங்க, அந்த அட்டைய மாட்டி அனுப்புங்க, அவன் அதையும் சுடட்டும்" என்றான். அட்டை இதற்குள் என் மணிக்கட்டில் வசதியாக உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்திருந்தது. அதைத் தட்டிவிட யாரும் வரவில்லை. துவக்கை இறக்கி வைக்கச் சொல்லி சார்ஜன் கை காட்டிய பிறகு, நானே பிய்த்து எறிந்தேன்.

பிறகு வழக்கு நடந்தது. கழற்றின அட்டையை மறுபடி மாட்டக்கூடாது என்றார் பெரிய கிளாக்கர். மாட்டலாம் என்றார் பாங்குக்காரர். சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. பெரிய கிளாக்கர் ஒரு வரியைப் படித்து அதற்கு ஒரு அர்த்தம் சொன்னார். பாங்குக்காரர் அதே வரியைப் படித்து வேறு அர்த்தம் சொன்னார். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரிந்திருந்தால் மூன்றாவது அர்த்தம் சொல்லியிருப்பேன். கடிகாரம் ஓடியது. "நேரத்த நிப்பாட்டுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில், பழைய அட்டையில் உள்ள ஆறும் கணக்கு, மிச்சம் நாலு குண்டைப் புது அட்டையில் சுட வேண்டும் என்று தீர்ப்பானது.

நாற்பத்தொன்பதும் ஐம்பத்தெட்டும் நூற்றேழு. நாலு குண்டில் பதின்மூன்று புள்ளி. பலூன் சுடத் தெரிந்தவன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அதுதான் கேடு. கஷ்டம் என்றால் எனக்கு மண்டை சும்மா இருக்கும். சுலபம் என்றால் ஆரம்பித்துவிடும். நாலு மூணு பன்னிரண்டு, மூன்று மூன்றாக எடுத்தால்கூட ஒன்று குறையும், குறைந்தால் ஒரு புள்ளியில் போய்விட்டது என்று தலவாக்கலை முழுக்கச் சொல்வார்களே. முதல் குண்டு ஐந்து. சரி. இன்னும் எட்டு. மணிக்கட்டில் இரத்தம் நிற்காமல் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. இரண்டாவது குண்டு அட்டையிலேயே படவில்லை.

"எங்க மச்சான் போச்சி? வட்டகொடைக்கா?"

"வாய மூடு!"

"ஸ்டேசன் மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொல்லவா, தலையக் குனிஞ்சிக்கச் சொல்லி?"

மூன்றாவது குண்டு இரண்டு. நூற்றுப் பதினாலு. இன்னும் ஒரு குண்டு, ஆறு புள்ளி.

அந்தக் கடைசிக் குண்டை வைக்கும்போது எனக்கு எல்லார் மேலும் வெறுப்பாக வந்தது. மச்சான் மேல், பெரிய கிளாக்கர் மேல், மூன்றாம் நம்பரை வைத்துக்கொண்டு நிற்கும் பாங்குக்காரர் மேல், அடையாள அட்டை எழுதியவன் மேல். வெறுப்பு வந்தால் கை நடுங்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். குறிமுனை கறுப்பு வட்டத்தின் அடியில் போய் அப்படியே உட்கார்ந்தது. மண்டை காலி. நாலு விநாடி வந்துவிட்டது.

விசில் கேட்டது.

கண்டுக்காத, நீ பாட்டுக்குச் சுடு. சுட்டேன்.

பத்து. வட்டத்தின் நடுப்புள்ளியையே காணவில்லை. அங்கிருந்தே தெரிந்தது. திரும்பி மச்சானைப் பார்த்தேன்; அவன் முகம் செத்துப்போயிருந்தது. பாங்குக்காரர் மேசையில் துவக்கை வைத்துவிட்டு மூன்று அடி பின்னால் நின்றார். எல்லோருமே மூன்று அடி பின்னால் நின்றார்கள். வரிசையில் நான் மட்டும் முன்னால்.

"எப்பா! எப்பா மல்லி!" என்று, வேண்டாம் தம்பி என்பதைச் சிங்களத்தில் கத்திக்கொண்டு சார்ஜன் ஓடிவந்தார். வாயில் விசில் தொங்கியது.

நாற்பது நிமிடம் முடிந்திருந்தது. ஊதியது மலை இல்லை, அவர்தான்.

"விசிலுக்கு அப்புறம் சுட்டுட்ட" என்றார் பெரிய கிளாக்கர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"நீங்கதான சொன்னீங்க, கண்டுக்காத, சுடுன்னு!"

"நான் மலை விசிலச் சொன்னேன்."

"விசில்ல பேரு எழுதியா ஒட்டியிருக்கு? மொத விசிலுக்கு நின்னா தப்பு. ரெண்டாவது விசிலுக்கு நிக்காட்டித் தப்பு. அட்டைன்னு சொன்னாத் தப்பு. நான் என்னாதான் செய்யிறது இங்க?"

"கத்தாத."

"கத்துவேன்! ஒங்க நேரத்தத் தின்னது நானா? புஸ்தகத்த வச்சிக்கிட்டு வழக்குப் பேசுனது யாரு?"

சார்ஜனிடம் திரும்பிச் சிங்களத்திலும் அதையே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பத்து பத்தாகவில்லை. நூற்றுப் பதினாலோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதன் பிறகுதான் பெரிய கிளாக்கர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவருக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். தோளில் கை போட்டார்.

"இங்க பாரு. முழுப் பேரு போட முடியாது. அரைப் பேரு வேணும்னாப் பாக்கலாம். ஞாயித்துக்கெழம வந்து சக்கரம் சுத்து, அட்ட மாட்டு, கூட்டு. கடைசியில அஞ்சு குண்டு சுட்டுட்டுப் போ. பலகையில ஒன் பேரும் இப்ப இருக்க மாதிரியே இருக்கும். என்னா சொல்ற?"

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து எடை குறைந்தால் அந்த நாளுக்கு அரைப் பேர்தான் போடுவார்கள். மழையில் நாள் முழுக்க நின்று, ஒரு கிலோ குறைந்ததற்காக என் அம்மா அரைப் பேரோடு வீட்டுக்கு வந்த நாள்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் புத்தகத்தில் எழுதியது இவரைப் போன்ற ஒரு பேனாதான். இவர் இதை வேண்டுமென்று சொன்னாரா, வாயில் பழகிப்போய் வந்ததா, தெரியாது. இரண்டில் எது என்றாலும் எனக்கு ஒன்றுதான்.

ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அஞ்சு குண்டு என்றால் அஞ்சு நாலு விநாடி. வாரத்துக்கு இருபது விநாடி சும்மா கிடக்கும்.

"எங்க வீட்டுல அரைப் பேரு வாங்குனது போதும்ங்க" என்றேன். "என் பேர நானே கழட்டிக்கிறேன்."

இரும்புக் கடைக்காரன் பையில் திருப்புளி இல்லாமலா இருக்கும். பலகைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். இடது பக்கத்து இஸ்குரூப்பு வெண்ணெய் மாதிரிக் கழன்றது. வலது பக்கத்தது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மடுவத்து ஈரம். திருப்பினேன், நழுவியது. அழுத்தித் திருப்பினேன், இஸ்குரூப்பின் தலை மழுங்கியது. பின்னால் யாரோ இருமினார்கள்.

"மச்சான், அதையாவது விசிலுக்கு முந்தி முடி" என்றான் மச்சான்.

திருப்புளியைப் பையில் போட்டுவிட்டு, பிளாஸ்டிக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். படக்கென்று உடைந்தது. பாதி என் கையில் வந்தது, பாதி பலகையில் நின்றது. தப்பான எழுத்து இருந்த பாதி என் கையில். சரியாக எழுதியிருந்த பாதி அங்கே.

 பெரிய கிளாக்கர் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"வேணாம்னு சொன்ன" என்றார். "இப்ப அரைப் பேருதான் இருக்கு."

திரும்பி வரும்போது தலவாக்கலை வந்ததும்,  மச்சான் ஒரு கையால் சாரத்து மடிப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் மடியில் போட்டான். கடைசி அட்டை. பெரிய கிளாக்கரின் மேசையிலிருந்து எப்போது எடுத்தான் என்று தெரியாது. ஒரு ஐந்து, ஒரு இரண்டு, நடுவில் நேராக ஓர் ஓட்டை.  நல்லவனாக ஆகிவிட்டானோ என்று ஒரு நிமிடம் ஏமாந்தேன். மறுநாள் பார்த்தால் அதை என்னிடமிருந்து திருடிக்கொண்டு போய், ஆட்டோவின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறான். ஏறுகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். "எங்க மச்சான் சுட்டது. நிப்பாட்டச் சொன்னப்புறம் சுட்டது" என்று சொல்லி, வட்டகொடை வரும்வரை முழுக் கதையையும் சொல்கிறான். இரத்தம் குடித்த அட்டைக்கு இப்போது அவன் கதையில் ஒரு சாண் நீளம்.

என் பெயரின் பாதி இன்னும் அந்தப் பலகையில்தான் இருக்கிறது என்கிறார்கள். தலை மழுங்கிய இஸ்குரூப்பு வர மறுக்கிறதாம். அந்தத் துருவுக்கு அடிக்கிற எண்ணெய் தலவாக்கலையில் எங்கள் கடையில் கிடைக்கும். பெரிய கிளாக்கர் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார். என் தலைக்குப் பின்னால் தட்டு நிறைய அந்த எண்ணெயின் நீல டின்கள் அடுக்கியிருக்கின்றன. அவர் கண்ணுக்கு அது எட்டாது, கண்ணாடி போடுவதில்லை.

"ஸ்டாக் இல்லங்க ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.